களிமண்ணும் கல்லும்: காவிரிப் படுகை, யாழ்ப்பாணம் ஆகியவற்றில் அரசியல் பொதுக்கலையும் மாணவர் கூட்டுப் படைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பொதுவெளியில் அரசியல் பொருண்மையுடைய கலைப்படைப்புகளை மாணவர் குழுவாகச் சேர்ந்து உருவாக்குவது இருபதாம் நூற்றாண்டு முதல் உலகின் பல பகுதிகளில் காணப்படும் நடைமுறையாகும். கொடும்பாவி, சுவரெழுத்து, வீதி நாடகம் போன்ற நிலையா வடிவங்களாக இருக்கும்வரை இப்படைப்புகள் பெரிதும் பொறுத்துக்கொள்ளப்படுகின்றன. நிலைத்த கட்டுமானமாக மாறும்போது அவை நிலம், உரிமை, அனுமதி பற்றிய வழக்குகளாகின்றன. தஞ்சாவூரில் 1972 முதல் 2013 வரை எழுந்த சிலை, நினைவிடச் சிக்கல்களையும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021இல் இடிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நிகழ்வையும் ஒப்பிட்டு இக்கட்டுரை இக்கருத்தை நிறுவ முயல்கிறது. மாணவர் படைப்பின் நிலைபேற்றை முடிவு செய்வது அதன் பருப்பொருளைவிட, அதனை அடுத்தடுத்த மாணவர் அணிகளும் சூழ்ந்துள்ள சமூகமும் ஏற்று நடத்தும் தொடர்ச்சியே என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: பொதுக்கலை, மாணவர் இயக்கம், கொடும்பாவி, நினைவிடம், முள்ளிவாய்க்கால் முற்றம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், காவிரிப் படுகை

முன்னுரை

தமிழ்நாட்டு மாணவர் இயக்கங்களின் வரலாறு பெரும்பாலும் ஊர்வலம், கடையடைப்பு, துப்பாக்கிச் சூடு, தேர்தல் விளைவு ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வியக்கங்கள் கண்ணுக்குப் புலனாகும் வடிவில் எவற்றைச் செய்தன, அவற்றை எப்பொருளால் செய்தன, செய்தவை எங்கே நின்றன, எவ்வளவு காலம் நின்றன என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. கலை வரலாற்றாய்வோ தனிக் கலைஞர், பாணி, பள்ளி என்னும் வகைப்பாடுகளில் இயங்குவதால், கையொப்பமற்ற கூட்டுப் படைப்புகள் அதன் பார்வைக்குள் எளிதில் வருவதில்லை. இவ்விரு துறைகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் மாணவர் பொதுக்கலை உள்ளது.

இக்கட்டுரை தஞ்சாவூரையும் காவிரிப் படுகையையும் முதன்மைக் களமாகக் கொள்கிறது. மாணவர் கூட்டாக எழுப்பிய நிலைத்த நினைவுச் சின்னத்திற்குத் தெளிவான சான்று யாழ்ப்பாணத்தில் கிடைப்பதால் அது இணைக்களமாகிறது. இவ்விரு களங்களையும் இணைக்கும் பொதுப்பொருளாக 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போரின் நினைவு அமைகிறது. ஒரே நிகழ்வின் நினைவு தஞ்சையில் ஓர் அமைப்பினாலும் யாழ்ப்பாணத்தில் மாணவராலும் வடிவம் பெற்றது. இரண்டும் இடிப்பைச் சந்தித்தன. ஆயினும் அவற்றின் பின்விளைவுகள் வேறுபட்டன. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கல் இல்லா நாட்டின் கூட்டுக் கலை

காவிரிப் படுகை வண்டல் நிலம். சிற்பத்திற்கும் கட்டடத்திற்கும் ஏற்ற கருங்கல் இங்கே கிடைப்பதில்லை. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வேண்டிய கல் முழுவதும் படுகைக்கு வெளியிலிருந்தே கொண்டுவரப்பட்டது. எனவே இந்நிலப்பகுதியில் கல் என்பது எப்போதும் அதிகாரத்தோடும் பெரும் பொருட்செலவோடும் அமைப்பு வலிமையோடும் சேர்ந்தே வந்துள்ளது. கல்லை வெட்டவும் இழுக்கவும் நிறுத்தவும் வல்லவர் அரசர், கோயில் நிர்வாகத்தார், பிற்காலத்தில் அரசாங்கம் எனச் சிலரே.

உழவர் குடிகளின் கையில் இருந்த பொருள்கள் வேறு. களிமண், வைக்கோல், மூங்கில், அரிசி மாவு, துணி ஆகியவை வேளாண் வாழ்வில் இயல்பாகக் கிடைப்பவை. இவற்றைக் கொண்டு செய்யப்பட்டவை யாவும் குறுகிய ஆயுள் உடையவை. கோலம் அன்றே அழியும். மண் குதிரையும் மண் பாவையும் மழையில் கரையும். இவற்றின் அழிவு ஒரு குறையாகக் கருதப்படவில்லை. மீண்டும் செய்வதே மரபின் இயல்பாக இருந்தது.

இம்மரபில் அரசியல் நோக்கில் முதன்மையானது கொடும்பாவி ஆகும். மழை பொய்த்த காலத்தில், ஊரில் எவரோ செய்த கொடும்பாவமே வறட்சிக்குக் காரணம் என்னும் நம்பிக்கையில், அப்பாவியின் உருவத்தை வைக்கோலாலோ களிமண்ணாலோ செய்து தெருத்தெருவாக இழுத்துச் செல்வர். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பர். இறுதியில் ஊரெல்லைக்கு அப்பால் கொண்டுசென்று எரித்தோ விட்டோ திரும்புவர். இச்சடங்கின் மூன்று கூறுகள் இங்கு நோக்கத்தக்கன. முதலாவது, இதனைச் செய்பவர் தனிக் கலைஞர் அல்லர், ஊரே செய்கிறது. இரண்டாவது, உருவம் ஒரு குற்றச்சாட்டைத் தாங்கியுள்ளது; பொதுத்துன்பத்திற்குப் பொறுப்பானவர் ஒருவர் உண்டு என்று அது அறிவிக்கிறது. மூன்றாவது, உருவத்தின் அழிவே சடங்கின் நிறைவு. பிற்கால அரசியல் போராட்டங்களில் எதிர்ப்புக்குரியவரின் உருவத்தை எரிப்பதற்குத் தமிழில் கொடும்பாவி எரிப்பு என்னும் பெயரே நிலைத்தது. சொல்லோடு சடங்கின் அமைப்பும் இடம்பெயர்ந்தது எனக் கொள்ளலாம். பாடையும் ஒப்பாரியும் சேர்ந்த எதிர்ப்பு ஊர்வலங்கள் காவிரி நீர்ச் சிக்கல் தொடர்பான உழவர் போராட்டங்களிலும் வழக்கமானவை. மழைக்குப் பதில் ஆற்று நீரும், பாவிக்குப் பதில் ஆட்சியாளரும் அச்சடங்கின் பழைய இடங்களை நிரப்பிக்கொண்டனர்.

2. மாணவரும் நிலையா வடிவங்களும்: 1965

1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் இவ்வடிவத்தைத் தமதாக்கிக் கொண்டனர். அவ்வாண்டு சனவரி 26ஆம் நாள் முதல் இந்தி ஒன்றிய அரசின் ஆட்சிமொழியாகும் என்ற நிலையில், கறுப்புக் கொடி, முழக்க அட்டை, இந்தி அரக்கியின் கொடும்பாவி ஆகியவை மாணவர் ஊர்வலங்களில் இடம்பெற்றன. இவை அனைத்தும் ஓரிரவில் விடுதி அறைகளில் செய்யத்தக்கவை. செலவு குறைவு. காவல்துறை பறித்தாலும் இழப்பில்லை. எரிந்து முடிந்தபின் எவ்விடத்தையும் அவை உரிமை கோருவதில்லை.

போராட்டம் உயிரிழப்பை நோக்கிச் சென்றபோது நிலைத்த வடிவத்திற்கான தேவை எழுந்தது. சனவரி 27ஆம் நாள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். மார்ச்சு மாதத்தில் மாயூரம் ஏ.வி.சி. கல்லூரி மாணவர் சாரங்கபாணி தீக்குளித்து மாண்டார். இவ்விரு நிகழ்வுகளும் காவிரி, கொள்ளிடம் பாயும் நிலத்தில் நிகழ்ந்தவை. கொடும்பாவி எதிரியின் உருவம். அது எரிய வேண்டும். இறந்த தோழனின் உருவமோ எரியக் கூடாது. அது நிற்க வேண்டும். எனவே மாணவர் அரசியல் களிமண்ணிலிருந்து கல்லுக்கு, வைக்கோலிலிருந்து வெண்கலத்திற்கு மாற வேண்டியதாயிற்று. இராசேந்திரனுக்குப் பின்னர்ச் சிதம்பரத்தில் சிலை எழுந்தது. 1967இல் ஆட்சி மாறிய பின், மாணவர் போராட்டத்தின் நினைவு பெருமளவுக்கு அரசின் நினைவாகவும் ஆகிவிட்டிருந்தது.

அரசு இப்பணியை ஏற்றுக்கொண்டதன் பெரும் வெளிப்பாடு 1968 சனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாடாகும். அப்போது கடற்கரைச் சாலையில் திருவள்ளுவர், ஔவையார், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன் உள்ளிட்டோர் சிலைகள் நிறுவப்பட்டன. மொழிப் போராட்டத்தில் தெருவில் எழுந்த உணர்வு மூன்றாண்டுகளில் நடைபாதையில் பீடம் பெற்றது. தெருவில் செய்தவர் மாணவர். பீடத்தில் நிறுத்தியவர் அரசினர். இவ்வேலைப் பிரிவினை தமிழ்நாட்டில் நெடுங்காலம் நீடித்தது.

3. மாணவர் கூட்டுப் படைப்பின் உலகச் சான்றுகள்

மாணவர் குழு செய்யும் அரசியல் பொதுக்கலையின் தனித்தன்மையை உணர மூன்று சான்றுகள் உதவும்.

1938இல் குசராத்தின் அரிபுராவில் காங்கிரசு மாநாடு கூடியபோது, காந்தியின் வேண்டுகோளை ஏற்று நந்தலால் போசு சுவரொட்டி ஓவியங்களை உருவாக்கினார். உழவர், தச்சர், இசைக்கலைஞர், தாய்மார் என நாட்டுப்புற வாழ்வைக் காட்டிய ஏறத்தாழ 400 ஓவியங்கள் மாநாட்டு வாயில்களிலும் பந்தல்களிலும் இடம்பெற்றன. மூல ஓவியங்கள் நந்தலாலுடையவை. அவற்றைப் படியெடுத்துப் பெருக்கியதில் சாந்திநிகேதன் கலாபவன மாணவருக்குப் பெரும்பங்கு உண்டு. இங்கே மாணவர் ஆசிரியரின் கைகளாக இயங்கினர். அரசியல் பொருண்மையை ஆசிரியரும் கட்சியும் முடிவு செய்தனர்.

1968 மே மாதம் பாரிசு நுண்கலைப் பள்ளியைக் கைப்பற்றிய மாணவர் மக்கள் பட்டறை என்னும் பெயரில் இயங்கினர். எந்தச் சுவரொட்டியை அச்சிடுவது என்பதைப் பொதுக்கூட்டத்தில் விவாதித்து முடிவு செய்தனர். எவரும் கையொப்பமிடவில்லை. பட்டுத்துணி அச்சுமுறையில் உருவான சுவரொட்டிகள் தெருவுக்கும் தொழிற்சாலைக்கும் உரியவை. அவற்றைக் கலைப்பொருளாக விற்பதோ சேகரிப்பதோ கூடாது என்று அக்குழு வற்புறுத்தியது. ஆசிரியரின் இடத்தைப் பேரவை எடுத்துக்கொண்டது.

1989 மே 30 அன்று பெய்ஜிங் தியனன்மென் சதுக்கத்தில் மத்திய நுண்கலைக் கழக மாணவர் சனநாயகத் தேவி என்னும் சிலையை நிறுத்தினர். உலோகச் சட்டத்தின்மேல் நுரைப்பொருளும் காகிதக் கூழும் கொண்டு சில நாள்களில் செய்யப்பட்ட அச்சிலை ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுடையது. பகுதிபகுதியாகக் கொண்டுவந்து சதுக்கத்திலேயே பொருத்தினர். உடைக்காமல் அகற்ற இயலாத அளவில் அது அமைய வேண்டும் என்பது செய்தவர்களின் எண்ணம். அகற்ற விரும்பும் அரசு உடைக்கும் செயலை உலகறியச் செய்ய வேண்டியிருக்கும். சூன் 4ஆம் நாள் படை அதனை வீழ்த்தியது.

இம்மூன்றும் மாணவர் கூட்டுப் படைப்பின் வளர்ச்சிப் படிகளைக் காட்டுகின்றன. அரிபுராவில் ஆசிரியர் வழிநடத்தினார். பாரிசில் பேரவை முடிவு செய்தது. பெய்ஜிங்கில் இடத்தைப் பிடித்து நிற்பதே படைப்பின் பொருளாயிற்று. எனினும் மூன்றும் நிலையாப் பொருள்களால் ஆனவை. நிலைத்த பொருளால் மாணவர் ஒன்றை எழுப்பினால் என்ன நிகழும் என்னும் வினாவுக்கு இவை விடை தருவதில்லை.

4. தஞ்சையில் சிலையும் நிலமும்: 1972 முதல் 2013 வரை

நிலைத்த அரசியல் பொதுக்கலை எதிர்கொள்ளும் சிக்கலைத் தஞ்சாவூர் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசனின் சிலையைக் கோயில் வளாகத்திற்குள் நிறுவ மாநில அரசு விரும்பியது. கோயிலோ ஒன்றியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். உள்ளே நிறுவ அனுமதி கிடைக்காமையால் 1972இல் சிலை கோயிலுக்கு வெளியே நிறுவப்பட்டது. கோயிலைக் கட்டியவர் கோயிலுக்கு வெளியே நிற்கும் இந்நிலை, மாநில உரிமை பற்றிய அரசியல் மேடைகளில் பின்னர் எடுத்துக்காட்டாக வழங்கியது. சிலையின் பொருள் எவராலும் மறுக்கப்படவில்லை. வழக்கு முழுவதும் அது நிற்கும் இடத்தைப் பற்றியதாகவே இருந்தது.

சென்னைக் கடற்கரையின் கண்ணகி சிலையிலும் இதே முறை காணப்படுகிறது. 2001 திசம்பரில் சரக்குந்து மோதிப் பீடம் சேதமுற்றதைத் தொடர்ந்து சிலை அகற்றப்பட்டது. போக்குவரத்தே காரணமாகக் கூறப்பட்டது. 2006இல் ஆட்சி மாறிய பின் அது மீண்டும் நிறுவப்பட்டது. கண்ணகி எதன் குறியீடு என்பதே மக்களிடை விவாதப் பொருளாயினும், அரசு ஆவணத்தின் மொழி சாலை, பீடம், பாதுகாப்பு என்பவற்றோடு நின்றது.

1995 சனவரியில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு தஞ்சாவூரில் நடந்தது. மாநாட்டையொட்டி இராசராசன் மணிமண்டபம் எழுந்தது. அம்மாநாட்டிற்கு வந்த இலங்கைத் தமிழறிஞர் சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஈழச் சிக்கல் தஞ்சை மண்ணில் பேசப்படுவதற்கும் காட்சிப்படுத்தப்படுவதற்கும் இருந்த எல்லையை அந்நிகழ்வு முன்னரே உணர்த்தியது.

2009ஆம் ஆண்டு சனவரி 29 அன்று சென்னையில் முத்துக்குமார் போரை நிறுத்தக் கோரித் தீக்குளித்தார். அவர் விட்டுச்சென்ற கடிதம் மாணவரை நோக்கி விடுத்த அழைப்பையும் கொண்டிருந்தது. போர் முடிவுற்ற பின், பழ. நெடுமாறன் தலைமையிலான உலகத் தமிழர் பேரமைப்பு தஞ்சாவூரை ஒட்டிய விளார் பகுதியில் முள்ளிவாய்க்கால் முற்றம் என்னும் நினைவிடத்தை அமைக்கத் தொடங்கியது. போரில் மாண்ட மக்களையும், முத்துக்குமார் உள்ளிட்ட தீக்குளித்தோரையும் காட்டும் கருங்கற் புடைப்புச் சிற்பங்கள் அங்கு இடம்பெற்றன. அமைப்புப் பணியில் ஓவியர் வீர சந்தனம் பங்காற்றினார். கும்பகோணத்தை அடுத்த உப்பிலியப்பன் கோயிலில் பிறந்த அவர் கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். படுகையின் கலைப்பள்ளி மாணவர் ஒருவர் பல்லாண்டுகளுக்குப் பின் தம் மாவட்டத்திலேயே பெரும் அரசியல் நினைவிடம் ஒன்றின் உருவாக்கத்தில் ஈடுபட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. இருப்பினும் முற்றம் மாணவர் படைப்பன்று. 2013 மார்ச்சில் தமிழ்நாடெங்கும் கல்லூரி மாணவர் ஈழச் சிக்கலுக்காகப் பெரும் போராட்டம் நடத்தினர். அதே ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட முற்றத்தின் கல்லை வெட்டியவர் தொழில்முறைச் சிற்பிகள். பொருள் திரட்டியது அமைப்பு. 1965இல் தோன்றிய வேலைப் பிரிவினையே இங்கும் தொடர்ந்தது. அரசின் இடத்தில் ஓர் இயக்கம் இருந்தது என்பதே மாற்றம்.

திறப்பு விழாவிற்குத் தடைகள் எழுந்த நிலையில், குறித்த நாளுக்கு முன்பே நவம்பர் 6 அன்று முற்றம் திறக்கப்பட்டது. கொழும்பில் நடக்கவிருந்த காமன்வெல்த் மாநாட்டை இந்தியா முற்றாகப் புறக்கணிக்க வேண்டும் என்று நவம்பர் 12 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. மறுநாள் 13ஆம் நாள் முற்றத்தின் சுற்றுச்சுவர் இடிக்கப்பட்டது. தடுக்க முயன்ற பழ. நெடுமாறன் உள்ளிட்ட பலர் கைது செய்யப்பட்டனர். நெடுஞ்சாலைத் துறைக்குரிய நிலம் ஆக்கிரமிக்கப்பட்டது என்பது அரசுத் தரப்பு. அனுமதியோடுதான் அவ்விடம் பராமரிக்கப்பட்டது என்பது அமைப்பாளர் தரப்பு. விடுதலைப் புலிகள் அமைப்பு 1992 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது என்பதால், நினைவிடத்தின் பொருண்மை குறித்த ஐயங்களும் அரசியல் களத்தில் எழுந்தன. ஆயினும் இடிப்பின் சட்டக் காரணமாக நின்றது நில அளவையே. சிற்பங்கள் அமைந்த முதன்மைப் பகுதி அறக்கட்டளைக்கு உரிய நிலத்தில் இருந்தமையால் தப்பியது. சிற்பத்தைக் காத்தது கல்லின் உறுதியன்று, பட்டா.

5. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நினைவுத்தூபி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியது. அவ்வாண்டு சனவரி 10 அன்று நான்காம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சியில் காவல்துறைத் தலையீட்டைத் தொடர்ந்து மக்கள் சிலர் உயிரிழந்தனர். அவர்களுக்கான நினைவிடம் யாழ் நகரில் உள்ளது. பல்கலைக்கழகத்தின் பிறப்பும் நினைவிட அரசியலும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை.

அப்பல்கலைக்கழக மாணவரிடையே கூட்டுக் கலைச் செயற்பாட்டிற்கு நீண்ட மரபு உண்டு. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய மண் சுமந்த மேனியர் நாடகம் 1985இல் பல்கலைக்கழக மாணவர் பங்கேற்பில் ஊர்தோறும் நிகழ்த்தப்பட்டது. 2001 சனவரி 17 அன்று பொங்கு தமிழ் எழுச்சி நிகழ்வு வளாகத்தில் நடந்தது. இவை நிகழ்த்துக் கலை வடிவங்கள். நிகழ்ந்து முடிந்ததும் இடத்தைக் காலி செய்பவை.

போருக்குப் பின் வடக்கில் நினைவிடங்களின் நிலை மாறியிருந்தது. பல்கலைக்கழகத்திற்கு அண்மையிலுள்ள கோப்பாயில் இருந்த விடுதலைப் புலிகளின் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 2011இல் படைத்தலைமையகம் திறக்கப்பட்டது. பொதுமக்களின் இறப்பை நினைவுகூர்வதும் கண்காணிப்புக்கு உட்பட்டது. இச்சூழலில் 2018ஆம் ஆண்டளவில் மாணவர், திருநெல்வேலி வளாகத்திற்குள் முள்ளிவாய்க்காலில் இறந்தோருக்காக நினைவுத்தூபி ஒன்றை எழுப்பத் தொடங்கினர். மேல்நோக்கி எழும் கைகளை முதன்மை உருவமாகக் கொண்ட அத்தூபிக்கு நிருவாகத்தின் தடையும் உயர்கல்வித் துறையின் எதிர்ப்பும் இருந்தன. அவற்றுக்கிடையே அது நிறைவு செய்யப்பட்டு, 2019 முதல் நினைவேந்தலின் இடமாயிற்று. நிகழ்த்துக் கலையில் பழகிய மாணவர் சமூகம் முதன்முறையாக நிலத்தைக் கோரும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. யாழ்ப்பாணத்தில் அரசு அப்பணியைச் செய்யப்போவதில்லை. ஆகவே தமிழ்நாட்டில் நிலவிய வேலைப் பிரிவினைக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

2021 சனவரி 8 இரவு தூபி இடிக்கப்பட்டது. அனுமதியின்றி எழுப்பப்பட்ட கட்டுமானம் என்பதும், மேலிடத்து அறிவுறுத்தல் என்பதும் காரணங்களாகத் துணைவேந்தர் தரப்பில் கூறப்பட்டன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுத் தலைவரோ, இன்று வேண்டப்படுவது போர் நினைவுச் சின்னமன்று, அமைதிச் சின்னமே என்னும் பொருள்பட விளக்கமளித்தார். நிலத்தின் மொழியும் பொருண்மையின் மொழியும் இங்கே ஒருங்கே வெளிப்பட்டன. முன்னது ஆணையின் மொழி. பின்னது அதன் நோக்கத்தின் மொழி.

மாணவர் வாயிலில் கூடி உண்ணாநோன்பு தொடங்கினர். சனவரி 11 அன்று வடக்கிலும் கிழக்கிலும் கடையடைப்பு நடந்தது. தமிழ்நாட்டில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கண்டனம் தெரிவித்தன. அன்று காலையிலேயே துணைவேந்தர் மாணவரோடு சேர்ந்து புதிய தூபிக்கு அடிக்கல் நாட்டி, கஞ்சி வழங்கி நோன்பை முடித்துவைத்தார். போரின் இறுதி நாள்களில் மக்கள் உயிர்தாங்க உண்டது அரிசிக் கஞ்சியே என்பதால், முள்ளிவாய்க்கால் கஞ்சி நினைவேந்தலின் பொதுச் சடங்காகியுள்ளது. அச்சூழலில் அவர் கொடுத்த கஞ்சிக்குச் சடங்கியல் பொருளும் சேர்ந்தது. 2021 ஏப்ரல் 23 அன்று புதிய தூபி திறக்கப்பட்டது.

6. ஒப்பீடு

தஞ்சையிலும் யாழ்ப்பாணத்திலும் இடிப்பு ஒரே மொழியில் நிகழ்ந்தது. ஆக்கிரமிப்பு, அனுமதியின்மை என்னும் சொற்கள் கலைப்படைப்பைக் கட்டடமாக மாற்றுகின்றன. கட்டடமாக மாறிய பின் அதன் பொருளைப் பற்றி விவாதிக்க வேண்டிய கடமை அதிகாரத்திற்கு இல்லை. விளைவுகளோ வேறுபட்டன. முற்றத்தில் நில உரிமை படைப்பின் மையத்தைக் காத்தது, சுவர் போயிற்று. யாழ்ப்பாணத்தில் மாணவருக்கு நில உரிமை ஏதும் இல்லை. படைப்பு முழுவதும் போயிற்று. ஆனால் மீண்டும் எழுந்தபோது அது நிறுவனத்தின் ஒப்புதலோடு எழுந்தது. முதல் தூபிக்கு இல்லாதிருந்த ஒன்றை, அதாவது அனுமதியை, இடிப்பே இரண்டாம் தூபிக்குப் பெற்றுத் தந்தது.

இது இயல்பாக நிகழும் விளைவு எனக் கொள்ளலாகாது. அதே 2021 திசம்பர் 24 அன்று ஆங்காங்கின் சீனப் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் நின்ற சனநாயகத் தேவி சிலையின் படியை அகற்றியது. அச்சிலை தன் அனுமதியோடு வைக்கப்பட்டதன்று என்பதே பல்கலைக்கழகம் கூறிய காரணம். அங்கே சிலை மீளவில்லை. அப்பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம் சில மாதங்களுக்கு முன்பே, அக்டோபரில், கலைந்துபோயிருந்தது. கோருவதற்கு ஓர் அமைப்பு எஞ்சவில்லை. யாழ்ப்பாணத்தில் மாணவர் ஒன்றியம் இருந்தது. அதன் பின்னால் கடையடைத்த ஊர்கள் இருந்தன.

மாணவர் படைப்பின் மிகப்பெரும் வலுவின்மை அதன் ஆசிரியர்களின் குறுகிய காலமே. நான்காண்டுகளில் ஓர் அணி வெளியேறும். தூபியைக் கட்டத் தொடங்கியவர்களில் பலர் அது இடிக்கப்பட்டபோது வளாகத்தில் இருந்திருக்க இயலாது. அவர்கள் இடத்தில் நின்று உண்ணாதிருந்தவர் அதனைக் கட்டாதவர்கள். கையொப்பமற்ற படைப்பை இன்னோர் அணி தன் படைப்பாக ஏற்பது எளிது. இவ்விடத்தில் கொடும்பாவி மரபின் இயல்பு மீண்டும் தோன்றுகிறது. செய்தவர் யார் என்பது பொருட்டன்று. ஒவ்வொரு முறையும் ஊர் கூடிச் செய்வதே படைப்பு. தஞ்சைப் பகுதியில் இதற்கு ஒப்பான சான்று கீழ்வெண்மணி ஆகும். 1968 திசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் நினைவிடத்தில் ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் கூடுகின்றனர். அந்நினைவைப் பல தலைமுறைகளுக்குக் கடத்தியதில் தூணுக்கு உள்ள பங்கைவிடக் கூடுகைக்கு உள்ள பங்கு பெரிது.

அனுமதி பெறுவதற்கு ஒரு விலையும் உண்டு. நிறுவனம் ஏற்றுக்கொண்ட நினைவுச் சின்னத்தைப் பராமரிப்பதும் அதன் விழாவை வரையறுப்பதும் நிறுவனத்தின் அதிகாரத்திற்கு உட்படும். 1968இல் தமிழ்நாட்டு மாணவரின் மொழியுணர்வு அரசுச் சிலைகளாகியபோது நிகழ்ந்ததும் இதுவே. சிலைகள் நிலைத்தன. அவற்றின்மேல் மாணவருக்கு இருந்த உரிமை நிலைக்கவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

காவிரிப் படுகையில் அரசியல் பொதுக்கலை இரு பொருள் மரபுகளில் இயங்கியுள்ளது. களிமண், வைக்கோல் மரபு மக்களுடையது. அழிவையும் மறுசெய்கையையும் உட்கொண்டது. கல் மரபு அரசு அல்லது பெரும் அமைப்பினுடையது, நிலவுரிமையைச் சார்ந்தது. 1965இல் மாணவர் முதல் மரபில் நின்றனர். அவர்களின் நினைவு இரண்டாம் மரபுக்குப் பிறரால் மாற்றப்பட்டது.

நிலைத்த பொதுக்கலை மீதான அதிகாரத்தின் எதிர்வினை பெரும்பாலும் நிலத்தின் மொழியிலேயே அமைகிறது. 1972 இராசராசன் சிலை, 2001 கண்ணகி சிலை, 2013 முற்றத்தின் சுவர், 2021 யாழ்ப்பாணத் தூபி ஆகிய நான்கும் இதற்குச் சான்று. ஆகவே பொதுக்கலையின் வரலாற்றை எழுதுவோர் உருவத்தையும் பாணியையும் ஆராய்வதோடு நில ஆவணம், அனுமதிக் கடிதம், துறை ஆணை, நீதிமன்றப் பதிவு ஆகியவற்றையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள வேண்டும்.

மாணவர் கல்லின் மரபுக்குள் தாமே நுழைந்த அரிய நிகழ்வு யாழ்ப்பாணத் தூபி. அது பிழைத்தது களிமண் மரபின் வழியிலாகும். இடிந்ததை மற்றோர் அணி மீண்டும் செய்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் கவின் கலைக் கல்லூரிகளிலும் மாணவர் குழுக்கள் செய்த சுவரோவியம், கொடும்பாவி, நாடகத் திரை, முழக்க அட்டை ஆகியவை இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. விடுதிப் பதிவேடு, மாணவர் மன்றக் குறிப்பு, நிழற்படம், பங்கேற்றோர் வாய்மொழி ஆகியவற்றைத் துறைதோறும் தொகுத்தால், 1965ஆம் ஆண்டுத் தலைமுறை இருக்கும்போதே இவ்வரலாற்றின் பெரும்பகுதியை மீட்டெடுக்க இயலும்.